650 வெள்ளிக்கு மகனின் கைரேகையை எடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அப்பா வெட்டிய செம்பனைக் குலைகளுக்கு எவ்வளவு சம்பளம் என்று கிராணி (தோட்டக் கணக்கர்) கணக்கை முடிப்பதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவான். வகுப்பில் பயிற்சியை முடிப்பதே இல்லை. 'சுமார்தான்' என்கிறார் ஆசிரியர். டியூஷன் சென்டருக்கு வந்த ஒருவர், 650 வெள்ளி கொடுத்தால் கைரேகையை வைத்து ஐகியூ (அறிவுத்திறன் அளவு) சொல்வதாகக் கூறுகிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

விரல் ரேகை தாய் வயிற்றிலேயே, ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்குக்கூட ரேகை வேறு வேறு. ஆனால் ஐகியூ மதிப்பெண் மிக நெருங்கி வருவது அவர்களுக்குத்தான். இதை அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். ஒரு அப்பா தன் இரண்டு பையன்களுக்கும் வாங்கிய ரிப்போர்ட்டை என் மேசையில் போட்டார். வழவழப்பான தாள், வண்ணப்படம். மூன்று பக்கம் பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்று!

உண்மையான சோதனையில் உளவியலாளர் பிள்ளையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருவார். கட்டைகளை அடுக்கி உருவம் செய்யச் சொல்வார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார், சொற்பொருள் கேட்பார். சராசரி 100. 130-ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இரண்டு பேர். 1905-இல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் இப்படி ஒரு சோதனையைச் செய்தது பாடத்தில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. மேதைகளைப் பொறுக்க அல்ல.

சரி, ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இங்கே சோதனை பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும். உங்கள் மகன் வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ். கட்டை அடுக்குவதில் 128, சொற்பொருளில் 88 என்று வந்தால், கூட்டிக் கழித்து 'சுமார்' என்று ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். அந்த எண் அவன் அறிவைச் சொல்லவில்லை, அவன் எந்த மொழியில் வளர்ந்தான் என்பதைத்தான் சொல்கிறது. பகுதி பகுதியாக மதிப்பெண் கேளுங்கள். சோதனை எந்த மொழியில் நடந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே எண் போட்ட கடிதத்தோடு வீட்டுக்கு வராதீர்கள்.

பள்ளியைப் பற்றி என்ன சொல்ல? மனத்தில் விடை வந்த பிள்ளைக்கு ஐந்து வரி செய்முறை எழுதுவது தண்டனை. 1996 முதல் 2000 வரை பிடிஎஸ் என்று ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறினால் மூன்றாம் ஆண்டிலிருந்து நேராக ஐந்தாம் ஆண்டு. உடனே டியூஷன்காரர்கள் அதற்கும் கடை விரித்தார்கள், அப்புறம் தேர்வே போய்விட்டது. வேகமான பிள்ளை இன்று மற்றவர்கள் முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பாங்கியில் யுகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) நடத்தும் மீத்திறன் மாணவர் மையம் இருக்கிறது, முன்பு பெர்மாத்தா பிந்தார் என்றார்கள். முயன்று பார்க்கலாம். ஆனால் அதற்குப் 'பயிற்சி' விற்பவரும் அதே டியூஷன் சென்டருக்கு வருவார், கவனம்.

முதலில் அரசாங்க கிளினிக்கில் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகை தெரியாமலே 'சுமார்' ஆன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உளவியலாளரைப் பார்க்கக் கடிதமும் அங்கேயே கேளுங்கள். வரிசை நீளம்தான், என்ன செய்ய. அதுவரை, அடுத்த சம்பளத் துண்டு வந்ததும் மகன் கணக்குப் போடும் விதத்தை அவன் சொல்லச் சொல்ல அதன் பின்பக்கம் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.