கோட்டையும் வேணும், காடும் வேணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பங்குனி பொறந்தாச்சு. கத்திரி வெயில் வர்றதுக்குள்ள ஒரு நாள் குடும்பத்தோட எங்கயாவது நல்லா நடக்கணும். பழைய கோட்டையும் இருக்கணும், மரம் செடியும் இருக்கணும், ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். மாமனாருக்கு முட்டி வலி, மலை ஏற மாட்டார். எங்க போகலாம்?
வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: செஞ்சிக்குப் போங்க, மாமனாரையும் கூட்டிட்டுப் போங்க. "அது மலைக்கோட்டை ஆச்சே, முட்டி வலின்னு இப்பதானே சொன்னேன்"னு நீங்க முறைக்கிறது தெரியுது, ஆனா பாருங்க, நம்மாளுங்க செஞ்சின்னா வண்டிய நிறுத்திட்டு நேரா ராஜகிரி ஏறி, செல்ஃபி எடுத்து, மூச்சு வாங்க இறங்கி, எங்கடா பிரியாணின்னு கிளம்பிடுறாங்க, கோட்டைல பாக்க வேண்டியதுல பாதிக்கு மேல கீழயே இருக்குங்கறது பல பேருக்குத் தெரியவே இல்ல. கல்யாண மஹால், களஞ்சியம், ஆனைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் அடிவாரத்துலதான். வெங்கட்ரமணர் கோயிலும் அங்கயேதான், பாண்டிச்சேரி பீச்ல காந்தி சிலைய சுத்தி நிக்குதே கல்தூண், அதெல்லாம் பிரெஞ்சுக்காரங்க செஞ்சில இருந்து தூக்கிட்டுப் போனதுதான். பெரியவர் நிதானமா நடந்து நிழல்ல உக்காந்து உக்காந்து பாக்கலாம், நீங்க வேணா ராஜகிரி ஏறிட்டு வாங்க, சுமார் 800 அடி, கடைசில ஒரு பெரிய பாறைப் பிளவு, அதுக்கு மேல பாலம், அதத் தாண்டினாதான் உச்சி. மதியத்துக்கு மேல லேட்டா போனா ஏற விட மாட்டாங்க, அதனால விடியறதுக்கு முன்னாடியே சென்னைய விட்டுடுங்க, திண்டிவனம் வழிதான்.

காடு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். "மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்"னு 742வது குறள்ல வள்ளுவர் கோட்டைக்கு இலக்கணமே சொல்லிட்டார். தண்ணி, வெட்டவெளி, மலை, காடு, இந்த நாலும் இருந்தாதான் அரண். செஞ்சி அகழி ஓரமா நின்னு ஒரு சுத்து சுத்திப் பாருங்க, நாலுமே கண்ணுல படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணு மலையையும் சேத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மதில், அதுக்கு வெளில முள்ளுக்காடு, பாறை. சிவாஜியோட மகன் ராஜாராம் இங்க வந்து உக்காந்தப்ப, 1690ல முற்றுகை போட்ட மொகலாயப் படைக்கு கோட்டையப் பிடிக்க 1698 வரைக்கும் ஆச்சுன்னா சும்மாவா! 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த மராட்டியக் கோட்டைங்க 12ல தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான். பங்குனில வேப்பம்பூ வாசம் வேற. ஊட்டி மாதிரி பச்சைப்பசேல்னு எதிர்பாக்காதீங்க, இது வறண்ட காடு, அதுக்குன்னு ஒரு அழகு இருக்கு. தொப்பி, தண்ணி பாட்டில் மறக்காதீங்க, பாறை சூடேறிட்டா செருப்பு போட்ட காலையும் சுடும்.

கேள்வி: அப்போ நம்ம ஜார்ஜ் கோட்டைய சுத்தி ஏன் காடே இல்ல?
வாசகர், பெரம்பூர்

பதில்: பீரங்கி வந்தப்புறம் கோட்டை கட்டுறவங்க கணக்கே மாறிடுச்சு சார். எதிரி மறைஞ்சு வர ஒரு சுவரு, ஒரு மரம்கூட இருக்கக்கூடாது. 1746ல பிரெஞ்சுக்காரங்க கோட்டையப் பிடிச்சாங்க, 1749ல திரும்பக் குடுத்தாங்க, அப்புறம் 1758 கடைசில பிரெஞ்சுத் தளபதி லாலி வேற வந்து முற்றுகை போட்டார். இந்தக் கலவரத்துல கோட்டைக்கு வடக்க நம்மாளுங்க குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தையே இடிச்சு வெட்டவெளி ஆக்கிட்டாங்க, இன்னிக்கு ஹைகோர்ட் நிக்கிறது அந்த எடத்துலதான். இனிமே இதுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டாதேன்னு 1773ல நட்ட எல்லைத் தூண்ல ஒண்ணு பாரிமுனை டேர் ஹவுஸ் ஓரமா இன்னும் நிக்குது, தினம் ஆயிரம் பேர் தாண்டிப் போறாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஊருக்குள்ள காடு வேணும்னா கிண்டிதான், 2.7 சதுர கிலோமீட்டர், அதுவும் கவர்னர் பங்களாத் தோட்டமா இருந்ததால தப்பிச்சுது. வெளிமானும் புள்ளிமானும் இன்னும் அங்க சுத்துது.

கேள்வி: பையன் லிவர்பூல்ல இருக்கான், ஏப்ரல் கடைசில நாங்க ரெண்டு பேரும் போறோம். அங்க இந்த மாதிரி கோட்டை, காடு நடை உண்டா? குளிர் தாங்குமா?
தம்பதி, நங்கநல்லூர்

பதில்: நல்ல நேரத்துலதான் போறீங்க, அங்க அப்பதான் வசந்தம். எல்லாரும் லண்டன் டவர்னு இழுத்துட்டுப் போவாங்க, நீங்க பையன்கிட்ட வேல்ஸ் எல்லையில இருக்கற சர்க் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, கார்ல ஒரு மணி நேரம் போல ஆகும். 1295 வாக்குல ஆரம்பிச்சு 1310ல முடிச்ச கோட்டை, 1595ல மிடில்டன்னு ஒரு குடும்பம் வாங்கிக் குடியேறிடுச்சு, அதனால இடிஞ்ச சுவரா இல்லாம ஆளு புழங்கின வீடாவே இருக்கு. அதச் சுத்தி தோட்டம், தோப்பு, ஆடு மேயற புல்வெளி, நடுவுல எட்டாம் நூற்றாண்டு மண் கரை ஒண்ணு வேற ஓடுது, ஆஃபாஸ் டைக்னு பேரு.

காட்டுக்குள்ள புளூபெல் பூத்திருக்கும், மரத்தடி முழுக்க நீலம். மரம் இலை விட்டு நிழல் மூடிட்டா கீழ வெளிச்சம் இறங்காது பாருங்க, அதுக்குள்ள அவசர அவசரமா பூத்துடுது. போட்டோவுக்காக பாதைய விட்டு உள்ள இறங்காதீங்க, இலை நசுங்கினா அந்தச் செடி தேறி வர வருஷக்கணக்கா ஆகும், கிழங்கத் தோண்டினா அந்த நாட்டு 1981 வனஉயிர்ச் சட்டப்படி குத்தம். மாமி பூப் பறிச்சு தலையில வெச்சுக்கலாம்னு நெனச்சா அதையும் இங்கயே மறந்துடுங்க! குளிர் விஷயம், வெயில் அடிக்கறப்ப ஸ்வெட்டர் போதும், அஞ்சு நிமிஷத்துல மழை வரும், அதனால மழைக்கோட்டு கண்டிப்பா. சேறு இருக்கும், கான்வாஸ் ஷூ வேணாம், நல்ல பிடிப்புள்ள ஷூ. ஆட்டு வேலிக் கதவத் தொறந்தா திரும்ப சாத்திட்டு வாங்க.

கேள்வி: தேசிங்கு ராஜா நெஜமாவே இருந்தாரா?
வாசகர், குரோம்பேட்டை

பதில்: இருந்தார், செஞ்சிய ஆண்டவர்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோட சண்டை போட்டு 1714ல செத்தார். மேல மேற்கு மாம்பலம் வாசகிக்குச் சொன்ன மசூதி, அதே நவாப் பேர்லதான்.

கேள்வி: செஞ்சிக்கு சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா?
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கட்டிட்டுப் போங்க, ஆனா கார்லயே வெச்சு சாப்பிடுங்க. குரங்குங்க பையோட ஜிப்பத் தொறக்கவே பழகிடுச்சுங்க.