வேளச்சேரி மிளகாய்ச் செடி: இலைச் சுருட்டலுக்குப் பதில்

வணக்கம். நட்டு ஒரு மாதமான மிளகாயில் குருத்திலைகள் மேல்நோக்கிச் சுருள்கின்றன, இரண்டு வேளை நீர் ஊற்றியும் தேறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் இதற்கு மருந்தல்ல. மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். குருத்தை வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மஞ்சளாக, நூல் துண்டுபோல் மெல்லிய பூச்சிகள் ஊர்ந்தால் இலைப்பேன்தான், சந்தேகமே வேண்டாம்.

லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சென்னையின் மதிய வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். வாரம் ஒருமுறை தொடருங்கள். சுருண்ட இலை நிமிராது, புதுத் தளிரைத்தான் கவனிக்க வேண்டும். யூரியா வேண்டவே வேண்டாம், இளந்தளிர் பெருகிப் பேனுக்கு விருந்தாகும். விரலை மண்ணில் விட்டு, ஈரமில்லாதபோது மட்டும் நீர் ஊற்றுங்கள். தாளில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.