மயில் கத்தினால் தவறா?

அன்புள்ள ஐயா,

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் மரபுச்சொல் தேர்வில் 'மயில் கத்தும்' என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டாள். "தினமும் நம்ம மொட்டைமாடியில வந்து கத்தத்தானேம்மா செய்யுது" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்று உருப்போடுவதால் இந்தக் காலத்தில் என்ன பயன்?

— ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் காதால் கேட்டு எழுதியிருக்கிறாள். அந்த ஒரு மதிப்பெண்ணை நான் போட்டுவிடுகிறேன். ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். மரபுப்படி மயில் அகவும்; அகவுதல் என்றால் அழைத்தல். மழைக்காலம் நெருங்கும்போது ஆண்மயில் பெடையைக் கூப்பிடும் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

எனக்கு அந்த மரபுச்சொல் பட்டியல்மேல் உள்ள வருத்தம் வேறு. ஓர் உயிருக்கு ஒரு வினை என்று கதையை முடித்துவிடுகிறது. குயில் கூவும் என்கிறோம். கூவுவது கறுத்த ஆண்குயில். உடம்பெல்லாம் புள்ளி விழுந்த பெட்டைக்கு 'கிக் கிக் கிக்' என்று ஓர் அவசரக் குரல்தான். (நாமோ பாடகிகளுக்குக் குயில் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!) யானை பிளிறுவதும் மிரண்டால், சினந்தால், குதூகலித்தால்தான். மற்ற நேரங்களில் தொண்டைக்குள் உறுமியே பேசிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் காதுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் யானைகளின் பக்கத்தில் இருந்த கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளருக்குக் காற்று அதிர்வதுபோல் பட்டிருக்கிறது. பிறகு ஒலிப்பதிவு செய்து வேகமாக ஓடவிட்டபோதுதான் அது யானைகளின் பேச்சு என்று தெரிந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், கோழி போதும். எங்கள் ஆச்சி மத்தியானம் திண்ணையில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். முற்றத்தில் கோழி கேறினால், "முட்டைக்கு இடம் தேடுது, பெட்டியை எடுத்து வை" என்பாள். நீளமாக ஒரு குரல் இழுத்தால், "ஏலே, பருந்து!" கொக்கொக்கொக் என்று வெட்டி வெட்டி வந்தால், "படப்புப் பக்கம் கீரி வந்திருக்கு, போய்ப் பாரு." கண்ணைத் திறக்க மாட்டாள். ஓடிப் போய்ப் பார்ப்பது நான்.

வானத்துப் பகைக்கு ஒன்றும் தரைப் பகைக்கு ஒன்றுமாகக் கோழிக்கு இரண்டு எச்சரிக்கைக் குரல்கள் உண்டு என்பதை ஆய்வாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். வெறும் ஒலிப்பதிவைப் போட்டால்கூட, முதல் குரலுக்குக் கோழிகள் பதுங்கி அண்ணாந்து பார்க்கின்றன. இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டிச் சுற்றுமுற்றும் தேடுகின்றன. பாடப்பட்டியலில் கோழிக்குக் 'கொக்கரிக்கும்' என்பதோடு சரி. ஆச்சி சொன்ன 'கேறுதல்' அகராதியில் கிடக்கிறது.

உருப்போடுவது கெடுதல் இல்லை, சொற்கள் கைவசம் இருக்கட்டும். ஆனால் நாய் எதிர்ப்பட்டால் உங்கள் மாடி மயில் அகவாது, வேறு மாதிரிக் குரல் கொடுக்கும். மகளைக் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பட்டியலில் அதற்குச் சொல் இல்லை. அவள் ஒன்று வைத்தால் எனக்கு எழுதுங்கள்.