ஹாபிட்: படுக்கும் நேரத்தில் வாசிப்பா, நாடகமா?

8 வயது மகளுக்கு இரவில் டோல்கீனின் சிறுவர் கதையான 'ஹாபிட்'டின் பிபிசி வானொலி நாடகத்தைப் போட்டால், யார் பேசுவதென்றே புரியாமல் பாதியில் விட்டுவிடுகிறாள் என்கிறீர்கள். அது 1968இல் வந்த நாடகம், 8 பகுதிகள். குள்ளர்கள் மட்டுமே 13 பேர். புத்தகத்தில் 'என்றான் தோரின்' என்று ஒரு சொல் வந்து ஆளைக் காட்டிவிடும். நாடகத்தில் குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். போதாததற்கு, கதைசொல்லியைக் கதாநாயகன் பில்போ அடிக்கடி குறுக்கிட்டுத் திருத்துவான். கதை தெரிந்தவருக்கு அது ரொம்ப ரசமான உத்தி, புதிதாகக் கேட்பவருக்குத் தலைசுற்றல்.

முதலில் ஒற்றைக்குரல் வாசிப்புக்குப் போங்கள். ராப் இங்கிலிஸ் வாசித்தது சுருக்கப்படாத முழுப் பதிப்பு, ஏறக்குறைய 11 மணி நேரம். நிதானமான தாத்தா குரல். குள்ளர்களின் பாட்டுகளையும் பாடியே காட்டுகிறார். ஆண்டி செர்கிஸ் 2020இல் வாசித்தது இன்னும் உயிர்ப்பானது. ஆனால் படத்தில் 'கோலம்' (Gollum) என்ற குகைப் பிராணியாக நடித்தவர் ஆயிற்றே, இருட்டுக் குகையில் விடுகதை போடும் இடத்தில் குழந்தை தூங்குவது சந்தேகம்தான்! அவரைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் என்றால் ஒன்று கவனியுங்கள். ஹார்ப்பர்காலின்ஸ் ஒலிப்பதிப்பில் 7 புத்தகங்களையும் 7 பேர் வாசிக்கிறார்கள், புத்தகம் மாறும்போது குரலும் மாறிவிடும்.

நாடகமும் வேண்டுமென்றால், கொஞ்சம் பெரியவளானதும் பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' போட்டுப் பாருங்கள். கதையை ஆசிரியரே வாசிக்க, உரையாடலை மட்டும் நடிகர்கள் பேசுவார்கள். யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் அதில் வராது.