இடது பக்கத்துச் சோறு

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து தலையின் வலது பக்கம் பலத்த அடி. பேச்சு, நடை திரும்பிவிட்டது. ஆனால் தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்க, “இன்னும் போடு” என்கிறார். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். கண்ணில் குறை இல்லையாம். “வேணும்னே செய்யறான்” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேணுமென்று செய்யவில்லை தங்கச்சி. 2014-ல் எனக்கும் அதே வலது பக்கம்தான் அடி. ஒரு கல்யாணப் பந்தியில், “உப்பு, ஊறுகாய் ஏன் வைக்கலை?” என்று பரிமாறியவரைக் கடிந்துகொண்டேன். இரண்டும் இலையின் இடது மூலையில் இருந்தன. என் மகள் இலையைத் திருப்பிக் காட்டியபோது அழுதுவிட்டேன்.

கண் பார்க்கிறது, அடிபட்ட மூளை இடது பக்கத்தைத் தேடுவதில்லை. நினைவில்கூட அப்படித்தான். 1978-ல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்டவர்களிடம் மிலான் நகரத்து தேவாலயச் சதுக்கத்தை நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களே பெரும்பாலும் வந்தன. தேவாலய வாசலிலிருந்து திரும்பிப் பார்ப்பதாக நினைத்ததும், விட்டுப்போனவை வந்தன. முதலில் சொன்னவை விடுபட்டன. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். திட்டுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் மனுஷன் தேறுவது கஷ்டம்.

பாதிச் சாப்பாட்டில் தட்டைத் திருப்பி வையுங்கள். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்பு ஸ்கெட்சால் கோடு போடுங்கள். கோடு கண்ணில் பட்ட பிறகே வரியைத் தொடங்க வேண்டும். நான் வரிகளைப் பாதியில் தொடங்கி, ஒன்றும் புரியாமல் பேப்பரையே வெறுத்த காலம் உண்டு. கோடுதான் படிப்பை மீட்டுக் கொடுத்தது. வாசல் நிலையின் இடது ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். முக்கியமான விஷயத்தை அவருக்கு வலப்பக்கம் நின்று சொல்லுங்கள். சும்மா பேசும்போது இடப்பக்கம் உட்காருங்கள், தலை திரும்பிப் பழகட்டும். பார்வை எந்தப் பக்கமெல்லாம் எட்டுகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்களா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள். பார்வையிலேயே ஒரு பாதி போயிருந்தால் அதில்தான் தெரியும். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரையும் பாருங்கள்.

டாக்டர் சோதித்துச் சரி என்று சொல்லாமல் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள், கெஞ்சினாலும். ரோடு கடக்கும்போது முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கமிருந்து வரும், சமாளித்துவிடுவார். நடுவுக்கு வந்ததும் இடப்பக்கமிருந்து வரும் பஸ்தான் ஆபத்து. அந்த இடத்தில் இன்றைக்கும் நான் மகள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.