ஜெபக்குறிப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. 16 வருஷப் பழக்கம். என் கணவருக்கு வேலை போய், கடனும் ஏறிவிட்டதை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அடுத்த வாரமே உபவாச ஜெபத்தில் எங்கள் பெயரைச் சொல்லி, எல்லாரும் ஜெபிக்கும்படி அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். என் கணவர் அதற்குப் பிறகு கோயிலுக்கே வரவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு முன்ன மாதிரி பழகலைன்னா அது மன்னிப்பா? முகத்தைச் சந்தோஷமா வெச்சுக்கம்மா" என்கிறார் ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி. அவள் ஜெபிக்கத்தானே சொன்னாள், தப்பு என் மேல்தானோ என்றும் தோன்றுகிறது. மூன்று மாதமாகக் கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை எடுக்கவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா? வேறு சபைக்குப் போய்விடலாமா? சபை வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டேன், அது தவறா? மனதைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு வசனம் சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கைக்கு,

உன் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். நீ சரி என்று சொன்ன பிறகுதான் இதை இங்கே போடுகிறேன்.

வாட்ஸப் குழு பெரிய விஷயமில்லை, விடு. சபை மாறுவதை உன் கணவரோடு பேசி முடிவு செய். ஆனால் திருவிருந்து எடுக்கவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த மேஜை உன் சிநேகிதி வீட்டு மேஜையா? "தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து" என்று ஐயர் ஒவ்வொரு முறையும் சொல்வதைக் கேட்டிருக்கிறாய்தானே? நம்பினவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த இரவில் அவர் போட்ட பந்தி அது. உன்னைப் போல மனம் உடைந்தவர்கள்தான் முதலில் போய் முழங்கால் போட வேண்டும்.

தப்பு உன் மேல் இல்லை. "ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்று நீதிமொழிகள் சொல்கிறது. வேலை இழந்த ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தால், அது எந்தக் குடும்பம் என்று கர்த்தருக்குத் தெரியாமல் போயிருக்குமா? பெயர் வேண்டியிருந்தது மனுஷர்களுக்குத்தான்.

தலைவலிக்கு மாத்திரை கேட்பதுபோல வசனம் கேட்காதே. ஒரு அதிகாரம் தருகிறேன், உட்கார்ந்து முழுக்க வாசி. அப்போஸ்தலன் பவுல் தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதம், இரண்டாம் தீமோத்தேயு 4. மொத்தமே 22 வசனம். "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்கிற 7-ஆம் வசனத்தைக் கல்லறைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். 9-க்குப் பிறகு வெறும் பேர்ப்பட்டியல் என்று வேதத்தை மூடிவிடுகிறோம். நான் ஒரு மாதமாக அந்தப் பட்டியலிலேயே நிற்கிறேன்.

பவுல் சிறையில் இருக்கிறார். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். கூட இருந்த தேமா விட்டுவிட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறார். துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவிட்டு வந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னால் வந்துவிடு என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். "சந்தோஷமாயிருங்கள்" என்று பிலிப்பியருக்குக் கட்டுண்டவராக எழுதின அதே மனுஷன்தான். ஆள் இல்லை, மாரிகாலம் வருகிறது, சீக்கிரம் வா என்று எழுதுகிறவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்லுவோமா? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலையே அவருக்கு இல்லை. நீயும் அதை விட்டுவிடு.

அப்புறம் 14-லிருந்து 16 வரை மெதுவாக வாசி. கன்னானாகிய (செம்புவேலை செய்கிற) அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். அதற்கு அடுத்த வசனத்திலேயே, விசாரணையில் நின்றபோது எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்கிறார். மன்னிப்பும் எச்சரிக்கையும் பக்கத்துப் பக்கத்து வசனத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மனதில் இருக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

மாற்குவும் அந்தப் பட்டியலில் இருக்கிறான். முதல் ஊழியப் பயணத்தில், பெர்கே என்ற ஊரில், பவுலையும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவையும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனவன். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகப் பவுல் ஒப்புக்கொள்ளவே இல்லை. அதற்காகப் பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தே போனார். பர்னபா அவனை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். வருஷங்கள் கழித்து இந்தக் கடைசிக் கடிதத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். நம்பிக்கை திரும்பி வரக் காலம் பிடித்தது. இடையில் மாற்கு வேறொருவரோடு ஊழியம் செய்தான். பிரிந்த பிறகு யாரும் பவுலிடம் போய், நாளைக்கே அவனைச் சேர்த்துக்கொள் என்று முகத்தைப் பார்த்துக் கட்டாயப்படுத்தியதாக நான் வாசிக்கவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. உன் சிநேகிதி செய்ததை நானும் செய்திருக்கிறேன். 1993-இல் எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என் தோழியின் கணவர் குடிப்பதைச் சொல்லி, அழுதுகொண்டே ஜெபித்தேன். மனசார ஜெபிப்பதாகத்தான் நினைத்தேன். பின்வரிசையில் அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் என் தோழி என் வீட்டு வாசல்வரை வந்தாள், படி ஏறவில்லை. "கர்த்தர்கிட்ட சொல்றதுக்கு மைக் எதுக்குடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலு வருஷம் பேச்சு இல்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு பிளாஸ்கில் கஞ்சியோடு வந்தாள். பதினோரு ராத்திரி என்னோடு வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தாள். நான் காலைப் பிடித்து அழுததற்கு, "அதை அன்னைக்கே விட்டுட்டேன், கஞ்சியைக் குடி" என்றாள்.

ஆனால் அதற்குப் பிறகு தன் வீட்டுக் கஷ்டம் ஒன்றையும் என்னிடம் அவள் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு வரும், பிள்ளைகள் கதை எல்லாம் வரும், அது மட்டும் வராது. மன்னித்தவள் ஏன் மனதைத் திறக்கவில்லை என்று நான் அவள் மேலேயே குறைப்பட்டேன். அப்படிக் குறைப்பட எனக்கு உரிமையே இல்லை என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று. இயேசுவே எல்லாரையும் அறிந்திருந்தபடியால் "அவர்களை நம்பி இணங்கவில்லை" என்று யோவான் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஜனங்களுக்காகவும்தான் அவர் சிலுவைக்குப் போனார்.

உன் சிநேகிதி வந்தால் உட்காரச் சொல், காப்பி கொடு. உன் வீட்டு விஷயத்தைச் சொல்லத் தோன்றாவிட்டால் சொல்லாதே. உன் கணவரை வற்புறுத்தாமல், வருகிற திருவிருந்து ஞாயிறு நீ மட்டுமாவது போ. போய்விட்டு எனக்கு எழுது.

உன் கடிதம் வந்த அதே வாரம் என் தோழி போன் செய்தாள். எப்போதும்போலப் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் ஒரு விஷயம் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அது என்ன என்று என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அன்புடன்,
அக்கா