முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறீர்களா?

ஊட்டி இல்லத்தில் இருக்கும் அப்பாவைப் பார்க்கக் கோவையிலிருந்து கிளம்புகிறோம். பையனுக்கு லேசான சளி, காய்ச்சல் இல்லை. கூட்டிப் போகலாமா?

வேண்டாம். பையனுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போய்விடுவது, எண்பது வயதுக்காரருக்கு நிமோனியாவில் கொண்டுவிடலாம். ஃப்ளூவாக இருந்தால், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அப்புறமும் ஏறக்குறைய ஒரு வாரம் பரவும். குழந்தைகளிடமிருந்து இன்னும் சில நாள் கூடுதலாகவே பரவலாம். அதனால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். தாத்தாவும் பேரனும் அதுவரை வீடியோ காலில் பேசட்டும். குடும்பத்தில் எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பாதுகாப்பு வரும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க் குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். பாட்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

மலையில் எனக்குப் பெரிய கவலையே இந்த மூடிய ஜன்னல்தான். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திவிட்டு நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால், ஒருவர் இருமியது அறை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கத் திறந்து வைக்க வேண்டியதில்லை. பாட்டியை ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் அறையின் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். நீங்கள் அறைக்குள் போவதற்கு முன் ஒரு முறை, வெளியே வந்த பின் ஒரு முறை. மதிய வெயில் இருந்தால் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவது எல்லாவற்றையும் விட மேல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காயவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலையூர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

வாசலில் சானிடைசர் வைத்திருக்கிறார்கள். அது போதாதா?

சளி, ஃப்ளூ கிருமிகளுக்குப் போதும். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். கோத்தகிரியில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பச்சைத் தண்ணீரே போதும். வாந்தி பேதி வந்தவர், நின்று 48 மணி நேரம் ஆகும் வரை இல்லத்துப் பக்கம் போகக்கூடாது. வீட்டிலிருந்து சாப்பாடு செய்து அனுப்புவதும் அதுவரை வேண்டாம்.

காய்ச்சல் பரவுகிறது என்று சொல்லி, வாரக்கணக்காக அம்மாவைப் பார்க்க விடவில்லை. இது சரியா?

சில நாள் நிறுத்துவது நியாயம். முடிவே சொல்லாமல் பூட்டி வைப்பது சரியில்லை. பார்க்க ஆளில்லாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிப்போகும் முதியவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பேருக்கு நோய், கடைசியாக யாருக்கு எப்போது வந்தது, எந்தத் தேதியில் அனுமதிப்பீர்கள் என்று பொறுப்பாளரிடம் பொறுமையாகக் கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒருவரை மட்டும் மாஸ்க் அணிந்து, கை கழுவி, நேராக அம்மா அறைக்குப் போய்த் திரும்ப அனுமதிக்கலாம். கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் கட்டாயம் அனுமதிக்க வேண்டும். போனில் பேசும்போது அம்மா திடீரென்று குழம்பிப் பேசினாலோ, ஒரேயடியாகச் சோர்ந்திருந்தாலோ, காய்ச்சல் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம். அன்றைக்கே டாக்டரை வரவழைக்கச் சொல்லுங்கள்.